வெந்நீர் காணாத விதை

திங்கட்கிழமை அண்ணனுக்கு அறுபது தட்டு நாற்று ஏற்றி அனுப்பியாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில், மிச்சமிருந்த தட்டுகளுக்குப் பூவாளியால் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தவள், நான்காவது மேசை அருகே நின்றுவிட்டாள்.

ஒரு நாற்றின் அடி இலையில் புள்ளி. மிளகில் பாதிகூட இருக்காது. சுற்றிலும் லேசான மஞ்சள், நடுவில் பழுப்பு. பக்கத்து நாற்றைத் திருப்பினாள், அதில் இரண்டு. அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. அதற்கும் அடுத்ததில் ஐந்து. தண்ணீர்த் துளிமேல் வெயில் பட்டுச் சுட்டிருக்கும் என்று நினைக்கத்தான் மனம் ஆசைப்பட்டது. ஆனால் ஐந்து நாளாக வெயில் எங்கே அடித்தது? வானம் பிழியாத துணி மாதிரி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

கைப்பேசிக் கேமராவை இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படத்தைப் பெரிதாக்கினாள். பழுப்புக்குள்ளே கறுப்புக் கறுப்பாகப் பொடி, யாரோ பேனா முனையால் தொட்டுத் தொட்டு வைத்ததுபோல. இலைப்புள்ளி. பூஞ்சாண நோய். விதையோடு விதையாக வருவது. அந்தக் கறுப்புப் பொடி ஒவ்வொன்றும் நோயின் வித்துப் பை. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் போதும், பக்கத்து இலைக்குக் குடிபோய்விடும்.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாற்றுக்காரி என்றால்தான் தெரியும். எட்டு வருஷமாக லெட்டூஸ் கீரை நாற்று விடுகிறாள். வீட்டுக்குப் பின்னாலேயே வலை போட்ட கூடம், பன்னிரண்டு மேசை, தண்ணீர்த் தொட்டி, ஒரு பழைய குளிர்பெட்டி நிறைய விதைப் புட்டிகள். கணவன் லாரியோடு போகிறவன். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கூடமும் அவளும்தான் ஒன்றுக்கு ஒன்று துணை.

விதையை அவளே எடுப்பாள். எடுத்த விதையைத் துணியில் முடிந்து, நாற்பத்தெட்டு டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவாள். அந்தச் சூட்டில் நோய் சாகும், விதை பிழைக்கும். ஆனால் அது கத்தி முனையில் நடக்கிற வேலை. இரண்டு டிகிரி குறைந்தால் நோய் பிழைத்துக்கொள்ளும். ஐந்து டிகிரி ஏறினால் விதை செத்துப்போகும். போன பருவத்தில் அப்படித்தான் ஆயிற்று. தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது, கணவன் எங்கேயோ வண்டி பழுதாகி நிற்கிறான். பேசிவிட்டு வந்து பார்த்தால் வெப்பமானி ஐம்பத்தாறைத் தாண்டியிருந்தது. நாலில் ஒரு விதைதான் முளைத்தது. அண்ணன் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

"என் தங்கச்சி விதையை வேக வெச்சு சூப் போடுறா. அடுத்த தடவை உப்பும் மிளகும் தூவி அனுப்புவா பாரு!"

அண்ணன் வாய் அப்படி. உள்ளுக்குள் ஒன்றும் இருக்காது. சிரித்துவிட்டு, அந்தப் பருவம் அவளுக்கு நஷ்டமாகக் கூடாதென்று முளைத்த கொஞ்சத்தையும் அவனே வாங்கிக்கொண்டான். ஆனாலும் அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தத் தடவை விதையை முடிந்து கையில் எடுத்தாள், அடுப்பையும் பற்றவைத்தாள், பிறகு என்ன தோன்றியதோ, அணைத்துவிட்டாள். தாய்ச்செடிகள் நன்றாகத்தானே இருந்தன? அடியில் இரண்டு மூன்று இலை புள்ளி விழுந்து கிடந்தது உண்மைதான். வயசான இலைக்கு அதெல்லாம் சகஜம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வெந்நீர் காணாத விதையை அப்படியே தட்டில் தூவினாள்.

இப்போது நான்காவது மேசைக்கு முன்னால் நின்றபோது, அந்த அடுப்பை அணைத்த சின்னச் சத்தம் அவள் காதில் கேட்டது.

அன்றைக்கே அண்ணனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கைப்பேசி கையில்தான் இருந்தது. "அண்ணே, நட்டதைப் பிடுங்கிப் போட்டுரு, நோய் நாத்து" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அவள் நினைத்தது வேறு. அறுபது தட்டும் இரண்டாவது மூன்றாவது மேசையிலிருந்து போனவை. அவற்றில் இல்லாமலே இருக்கலாம். இரண்டு நாள் பார்ப்போம். வெள்ளிக்கிழமையும் பார்த்தாள். சனிக்கிழமை புள்ளி விழுந்த நாற்றுகளை மட்டும் பிடுங்கி மூட்டை கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது மேசையிலும் வந்தது. ஒவ்வொரு நாள் போனபின்பும், ஏன் நேற்றே சொல்லவில்லை என்ற கேள்வி ஒன்று கூடுதலாகச் சேர்ந்துகொண்டது. முதல் நாள் உள்ளங்கையில் அடங்கிய பொய், நான்காம் நாள் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் முன்பு வெல்டர். இருபத்தொரு வருஷம் பட்டறையில் புகையைக் குடித்தவன். நெஞ்சு கெட்டு, டாக்டர் இனிப் பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று சொன்ன பிறகுதான் குத்தகைக்கு நிலம் பிடித்து, பிளாஸ்டிக் கூரை போட்ட நீளக் கொட்டகை கட்டி, லெட்டூஸ் வைத்தான். இரும்பை வளைத்துச் சட்டம் அடித்தது அவனேதான். கடைசியாக அவன் பிடித்த வெல்டிங் கம்பி அது. "சமைக்கக்கூட வேண்டாம், அப்படியே மெல்லலாம். சோம்பேறிகளுக்குன்னே கடவுள் படைச்ச கீரை. எனக்கு ஏத்த பயிர்" என்பான். ஆனால் விடியும்போதே கொட்டகையில் இருப்பான். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவான். யாராவது பார்த்தால், செடியைக் குனிந்து பார்ப்பதுபோல நடிப்பான்.

நட்டு ஒன்பதாம் நாள் அவன் போன் வந்தது.

"ஏய் பொடிசு, கொஞ்சம் வந்துட்டுப் போ. புது நாத்துல அடி இலையில என்னமோ புள்ளி விழுது."

அவள் போனாள். கொட்டகையின் ஒரு பாதியில் அறுவடைக்கு இரண்டு வாரமே இருந்த பழைய பயிர், பச்சைப் பந்துகளாக வரிசை வரிசையாக நின்றது. மறுபாதியில் அவளுடைய நாற்று. மேலே தூவல் குழாய் சுழன்று சுழன்று எல்லாவற்றின் மேலும் ஒன்றுபோலத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. அண்ணி ரப்பர் செருப்போடு பாத்தி இடையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஈர இலைகள் அவள் பாவாடை ஓரத்தில் உரசின. புதுப் பயிரை முடித்துவிட்டு, அதே ஈரத்தோடு பழைய பயிருக்குள் போனாள்.

நாற்றுக்காரி குனிந்து பார்த்தாள். நாலு பாத்தியில் இருந்தது. மற்றதில் இல்லை. அந்த நிமிஷத்தில்கூடத் தாமதமாகிவிடவில்லை. நாலு பாத்தியைப் பிடுங்கி, மேல் தண்ணீரை நிறுத்தி, வேரடியில் குழாய் போட்டிருந்தால் மிச்சம் பிழைத்திருக்கும்.

"என்ன அது?" என்றான் அண்ணன்.

"உரம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு போல. இலை சுட்டிருக்கு" என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. "ரெண்டு நாள் தண்ணியைக் கூட்டி விடு. சரியாயிரும்."

தண்ணீரைக் கூட்டி விடச் சொன்னாள். உரம் சுட்டது என்று சொன்ன பிறகு அதற்குப் பொருத்தமாக வேறு என்ன சொல்வது? ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

"அப்பாடா! நான் என்னமோ நோய்தான் வந்துருச்சோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தான் அண்ணன். சிரிப்பு இருமலாக மாறி, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவளுக்காக இரண்டு லெட்டூஸ் அறுத்துப் பையில் போட்டுக் கொடுத்தான். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவாமலே மேசைமேல் வைத்தாள். அது அங்கேயே வாடியது.

அடுத்த பத்து நாள் மூட்டம் விலகவில்லை. அவள் அண்ணன் வீட்டுப் பக்கமே போகவில்லை. அண்ணி போனில் ஒருமுறை, "பழசுலயும் புள்ளி வருதும்மா, இது உரம் மாதிரி தெரியலையே" என்றாள். "பார்ப்போம் அண்ணி" என்று சொல்லி வைத்துவிட்டாள். பத்தொன்பதாம் நாள் அண்ணனே விவசாய அலுவலகத்துக்குப் போன் போட்டு ஆளை வரவழைத்தான். அவளையும் வரச் சொன்னான். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வந்த அலுவலர் ஒரு பெண். மழைக்கோட்டுப் போட்டு, காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டுதான் கொட்டகைக்குள் கால் வைத்தாள். ஒரு இலையைக் கிள்ளிப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, காய்ந்து, சில இடங்களில் உதிர்ந்து, இலை சல்லடையாகத் தொங்கியது. பழைய பயிரிலும் பச்சைப் பந்தின் அடிச்சுற்று முழுக்கப் பழுப்பு.

"இலைப்புள்ளி. சந்தேகமே இல்லை" என்றாள் அலுவலர். "பூஞ்சாணம். இதைத் தண்ணிதான் தூக்கிட்டுப் போகும். நீங்க மேல தண்ணி அடிச்சீங்களா?"

"கூட்டி வேற அடிச்சேன் மேடம்" என்றான் அண்ணன்.

"ஐயோ. எங்கேருந்து வந்திருக்கும்? போன வருஷம் இதே இடத்துல லெட்டூஸ் இருந்துதா?"

"இல்லை. போன வருஷம் இது தரிசு."

"அப்போ விதையிலேருந்துதான் வந்திருக்கணும். நாத்து எங்க வாங்கினீங்க?"

அண்ணன் நிமிர்ந்தான். மூச்சு வாங்கியபடியே, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அழுத்திச் சொன்னான். "நாத்து இதோ நிக்கிறாளே, என் தங்கச்சி, இவ விட்டது. விதை இவளோடது. இவ வெந்நீர்ல போடாம ஒரு விதையைத் தொடமாட்டா மேடம். போன தடவை சூடு அதிகமாகி விதையே வெந்துபோச்சு, அவ்வளவு கறார். அதனால விதையைச் சொல்லாதீங்க. வேற எங்கேயோ இருந்து வந்திருக்கு."

அண்ணி பெருமையாகத் தலையாட்டினாள். அலுவலர் நாற்றுக்காரியைப் பார்த்தாள். "வெந்நீர்ல போட்டீங்களா?"

"போட்டேன்" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல்லைத்தான் பிறகு எத்தனையோ நாள் அவள் வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். அதற்கு முன் சொன்னதெல்லாம் பயத்தில் சொன்னது. இது அண்ணன் தனக்காக வாதாடிக்கொண்டிருக்கும்போது, அவன் முகத்துக்கு நேரே சொன்னது.

"எதுக்கும் நாளைக்குச் சாயங்காலம் உங்க கூடத்தையும் ஒரு பார்வை பார்த்துடுறேன்" என்றாள் அலுவலர். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். மேல் தண்ணீரை இப்போதே நிறுத்த வேண்டும். இலை ஈரமாக இருக்கும்போது யாரும் உள்ளே நடக்கக் கூடாது. முற்றிய பயிர் அறுவடைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதில் மருந்து அடிக்கவே கூடாது; மோசமானதைப் பிடுங்கிப் புதைக்க வேண்டியதுதான். இளம் பயிரில் நன்றாக இருப்பதைக் காப்பாற்றத் தாமிர மருந்து அடித்துப் பார்க்கலாம், அதுவும் இலை காய்ந்திருக்கும்போது. "நாளைக்கு மத்தியானம் கொஞ்சம் வெயில் வரும்னு சொல்றாங்க. அதை விட்டா அடுத்த நாலு நாளும் மழை. அடிச்சா நாளைக்கே அடிங்க. அடிக்கிறவங்க முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கணும். உங்களுக்கு நெஞ்சு சரியில்லைன்னு தெரியுது. நீங்க தொடவே கூடாது."

மருந்தடிக்கிறவனைக் கூப்பிட்டார்கள், அவனுக்கு மறுநாள் வேறு இடத்தில் வேலை. மறுநாள் அண்ணி லெட்டூஸ் வாங்கும் கடைக்காரரை நேரில் பார்த்து, சொன்ன தேதிக்குச் சரக்கு வராது என்று சொல்லப் போக வேண்டியிருந்தது.

"நான் வந்து அடிக்கிறேன்" என்றாள் நாற்றுக்காரி. "ரெண்டு மணிக்கு வந்துடுறேன். நீ கையை வைக்காதே அண்ணே."

"சரிம்மா தாயே" என்றான் அண்ணன்.

மறுநாள் அலுவலர் சொன்னபடியே பன்னிரண்டு மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. ஆனால் நாற்றுக்காரியின் மனசெல்லாம் சாயங்காலத்தில் இருந்தது. நோய் விழுந்த தட்டுகள் ஐந்து மேசை நிறைய இருந்தன. அலுவலர் அதைப் பார்த்தால் ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துபோகும். தட்டுகளைத் தூக்கி வந்து கொல்லை மூலையில் கவிழ்த்தாள், குழி வெட்டினாள், நாற்றைத் தள்ளி மண்ணைப் போட்டாள். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கித் தேய்த்தாள். மேசைகளைக் கழுவினாள். குளிர்பெட்டியிலிருந்த அந்த விதைப் புட்டியை அடுப்பில் கொட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நேரம் பிடிக்கத்தானே செய்யும்? மணி பார்த்தபோது மூன்றே கால்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். வெயில் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. கொட்டகை வாசலில் மருந்து கரைத்த வாளி காலியாகக் கிடந்தது, விளிம்பில் நீலக் கறை. பக்கத்தில் ஒரு கட்டைமேல் முகமூடி, மடித்து வைத்தது மடித்தபடி. அதைப் போட்டால் அவனுக்கு மூச்சே விட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே காற்று நீலமாகத் தெரிந்தது. அண்ணன் ஏழாவது பாத்திக்கும் எட்டாவது பாத்திக்கும் இடையில், முதுகில் மருந்து டாங்கியோடு குப்புறக் கிடந்தான். தெளிப்பான் வாய் இன்னும் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. அவள் வாரை அவிழ்த்து, அவனைப் புரட்டி, அக்குளில் கைகொடுத்து வாசல்வரை இழுத்தாள். உதடு கருநீலம். மார்பிலிருந்து வந்த சத்தம், ஓட்டைத் துருத்தியை அழுத்துவதுபோல இருந்தது. கண் திறந்திருந்தது.

"வெயில்... போயிரும்னு..." என்றான்.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் மூச்சு விடக் குழாய் வைத்திருந்தார்கள். ஏற்கெனவே பழுதான நெஞ்சு. மூடிய இடத்தில் மருந்துப் புகையை அவ்வளவு நேரம் இழுத்ததில் மிச்சமிருந்ததும் போய்விட்டது என்றார் டாக்டர். உயிர் தப்பியது. வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் இனி இருக்க முடியாது. எவ்வளவு நாளைக்கு என்று அண்ணி கேட்டபோது, டாக்டர் கையிலிருந்த காகிதத்தை நேராக அடுக்கினார்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கொட்டகை முழுவதும் போய்விட்டது. நாலு நாள் மழை ஈரமும் சேர்ந்து, மருந்து பட்டது பாதி, படாதது பாதி, எல்லாம் பழுப்பாகச் சரிந்து கிடந்தன. அதை அப்படியே விட்டால் அடுத்த பயிருக்கும் வித்தாகும். ஐந்தாம் நாள், அண்ணனுக்குப் பக்கத்தில், லாரியிலிருந்து வந்திருந்த கணவனை உட்கார வைத்துவிட்டு, நாற்றுக்காரியும் அண்ணியும் பிடுங்கப் போனார்கள். சாக்குகளை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு பாத்திக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பிடுங்கி, மண்ணை உதறி, சாக்கில் அமுக்கி. வேர் விடுபடும்போது வரும் மெல்லிய முறிவுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அழுகின இலை வாடை மூக்கில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது பாத்தியில் அண்ணி சொன்னாள். "நேத்து குழாயை எடுத்ததும் உங்கண்ணன் பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா? அந்த மேடம் மறுபடி வந்தா விதையைப் பத்தி ஏதாவது சொல்லுவாங்க, பொடிசு மனசு கஷ்டப்படும், நீ விட்டுக் கொடுக்காதேன்னாரு."

நாற்றுக்காரியின் கை ஒரு செடியைப் பிடித்தபடி நின்றது.

"நான் வெந்நீர்ல போடலை அண்ணி."

அண்ணி பிடுங்கிக்கொண்டே இருந்தாள். காதில் விழவில்லையோ என்று இவளுக்குத் தோன்றியது.

"விதையைப் போடலை. நாத்து அனுப்பின நாலாம் நாளே எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கு வந்து பார்த்தபோதும் தெரியும். உரம்னு பொய் சொன்னேன். மருந்தடிக்க லேட்டா வந்தது எதுக்குன்னா, என் தட்டையெல்லாம் புதைச்சுட்டு இருந்தேன். மேடம் பார்க்கக் கூடாதுன்னு."

அண்ணி இன்னும் இரண்டு செடி பிடுங்கினாள். மூன்றாவதைப் பிடுங்கவில்லை. நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் வருமென்று எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் நாற்றுக்காரி. வந்தது கோபமில்லை. ரொம்பத் தூரம் நடந்து வந்தவள், இன்னும் அவ்வளவு தூரம் இருக்கிறது என்று கேட்டதுபோன்ற ஒரு களைப்பு.

"இந்தப் பாத்தியை முடி" என்றாள் அண்ணி.

முடித்தார்கள். அதற்கடுத்ததையும் முடித்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசிச் சாக்கைக் குழியில் தள்ளிய பிறகு, மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி சொன்னாள்: "அவர்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன். நான் சொன்னா, என்மேல கோபப்பட்டு உனக்குத்தான் பரிஞ்சு பேசுவாரு. எனக்கு அதைக் கேக்கத் தெம்பில்லை."

மறுநாள் காலையில் நாற்றுக்காரி முதலில் வேறொன்று செய்தாள். அந்த விதையில் வந்த நாற்றை வாங்கியவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் போன் போட்டாள். தப்பு என்னுடையது, புள்ளி தெரிந்தால் பிடுங்கிப் புதையுங்கள், மேல் தண்ணீர் விடாதீர்கள், இரண்டு வருஷம் அந்த இடத்தில் லெட்டூஸ் வைக்காதீர்கள் என்று சொன்னாள். ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். ஒருத்தி அழுதாள். மூன்றாமவர், ஒரு வாரத்துக்கு முன்னாலேயே தான் எல்லாவற்றையும் உழுதுவிட்டதாகச் சொல்லி, "இப்பத்தான் சொல்லத் தோணிச்சா?" என்று கேட்டு வைத்துவிட்டார். அலுவலருக்கும் போன் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம், இவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து, கழுவித் துடைத்த கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனவள் அவள். "எனக்கு அன்னிக்கே ஒரு சந்தேகம்தான். தட்டெல்லாம் ரொம்பச் சுத்தமா இருந்துது" என்றாள்.

அண்ணனிடம் சொன்னது அவன் வீடு வந்த மூன்றாம் நாள். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய். அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். அவள் ஒன்றையும் மறைக்காமல், அடுப்பை அணைத்ததிலிருந்து தட்டைப் புதைத்தது வரை சொன்னாள். அழக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். அழுதால் அவன் தேற்றத் தொடங்கிவிடுவான்.

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான். பிறகு, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கி, "எத்தனை நாள்... தெரிஞ்சும்?" என்றான்.

"பதினஞ்சு நாள். மேடம் வந்த அன்னிக்கு வரைக்கும்."

"நீ வந்து பார்த்தப்போ... நாலு பாத்தி."

"ஆமா."

"நாலே பாத்தி" என்றான் மறுபடி. விரலை மடக்கினான், நாலு. "சொல்லியிருந்தா... பிடுங்கிப் போட்டுட்டு... உன்னை நல்லா... கிண்டல் பண்ணியிருப்பேன். ஒரு வருஷத்துக்கு." சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை. "அதுக்கா பயந்தே?"

அதற்குத்தான் என்று சொல்ல எவ்வளவு அற்பமாக இருந்தது! அற்பமானாலும் அதுதான் உண்மை.

"சரி. இப்பப் போ" என்றான். "போம்மா."

அதன் பிறகு அண்ணன் எட்டு மாதம் இருந்தான். அவள் வாரத்துக்கு மூன்று நாள் போனாள். அண்ணி கதவைத் திறப்பாள், தேநீர் வைத்துக் கொடுப்பாள், தேவையானதைக் கேட்டால் சொல்வாள். அவளாக ஒரு பேச்சை எடுக்கமாட்டாள். கொட்டகைப் பிளாஸ்டிக்கை உருட்டி விற்றாகிவிட்டது. குத்தகையும் கைமாறிப்போய், அங்கே யாரோ சோளம் போட்டிருந்தார்கள். அண்ணன் அவளிடம் எல்லாம் பேசினான்: மழை, பக்கத்து வீட்டு நாயின் திமிர், ஆக்சிஜன் இயந்திரம் இரவில் தன் மாமியாரைப் போலக் குறட்டை விடுவது. செடியைப் பற்றி மட்டும் பேசவில்லை. பொடிசு என்றும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவளும் கேட்கவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் போனபோது, அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அண்ணனின் நகம் வளர்ந்து, போர்வை நூலில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டினான்.

"வெட்டி விடேன்" என்றான்.

நகவெட்டி எடுத்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். பட்டறைச் சூடுபட்டுத் தடித்த விரல்கள்; நகம் கொம்புபோல இறுகியிருந்தது. சதையைக் கிள்ளிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாக, மெதுவாக வெட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வலது கை முடிந்ததும், சொல்லாமலே இடது கையை எடுத்து அவள் மடியில் வைத்தான். நடுவிரலை வெட்டும்போது கண்ணை மூடித் தூங்கிவிட்டான். அவள் மீதி இரண்டு விரலையும் வெட்டி முடித்தாள். விழுந்த நகத் துண்டுகளைப் போர்வையிலிருந்து பொறுக்கிக் காகிதத்தில் மடித்தாள். அண்ணி வந்து கதவைத் திறக்கும் வரை அந்தக் கையை மடியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.